திருட்டுக் குரல்

“இந்தத் திருட்டுக் குரல் இனி எந்த மேடையிலும் ஒலிக்கக் கூடாது, கனம் நீதிபதி அவர்களே!”

வக்கீல் மேஜையைத் தட்டிய தட்டில், சாட்சியமாக வைத்திருந்த கிராமபோன் பெட்டியே ஒரு குலுங்கு குலுங்கியது. பெரிய பெரிய வழக்குகளையெல்லாம் ஊதித் தள்ளியவர் அவர். இது அவருக்கு வெறும் கொசுறு.

கூண்டில் நின்றவள் ஒரு தையற்காரி. கல்யாண வீடுகளில் ‘மைனா’ மாதிரியே பாடி, மைனாவின் புகழைக் களவாடுகிறாள் என்பது இசைத்தட்டுக் கம்பெனி முதலாளியின் புகார்.

மைனா என்றால் லேசுப்பட்டவளா? பத்து வருடமாக அவள் இசைத்தட்டு சுழலாத வீடில்லை, அவள் படம் ஒட்டாத சலூனில்லை. அன்று அவளே கோர்ட்டுக்கு வந்து, கழுத்தில் கம்பளித் துணி சுற்றி, முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தொண்டை கட்டிக்கொண்டதாம், பேசவே கூடாதாம். முதலாளிதான் சொன்னார்.

மைனா இருமினாள். தையற்காரி தனக்கு வைத்திருந்த தண்ணீர்த் தம்ளரைச் சட்டென்று எடுத்து, சேவகரிடம் கொடுத்து அவளுக்கு அனுப்பினாள்.

“ஐஸ் வைக்கிறா, பாருங்க” என்று வக்கீல் முதலாளியின் காதைக் கடித்தார். முதலாளி சிரிக்கவில்லை.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “இனிமே வெளியில பாட மாட்டேன்னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயேம்மா. எதுக்கு வம்பு?”

“போட மாட்டேங்க ஐயா. நான் யாரையும் காப்பியடிக்கல. இது என் தொண்டை. என்னைத் தூக்கி உள்ள போட்டாலும் அங்கேயும் பாடுவேன். காவலுக்கு நிக்கறவங்க வேணும்னா காதைப் பொத்திக்கட்டும்.”

கோர்ட் கொல்லென்று சிரித்தது. வக்கீலுக்குச் சுருக்கென்றது.

“அவ்வளவு திமிரா? அப்போ ரெண்டு பேரும் இங்கேயே ஒரே பாட்டைப் பாடட்டும், ஐயா. எது அசல், எது நகல்னு வெட்டவெளிச்சமாத் தெரிஞ்சுடும்!”

முதலாளி பின்னாலிருந்து வக்கீலின் கறுப்பு அங்கியைப் பிடித்து இழுத்தார். இருந்த வேகத்தில் வக்கீல் திரும்பியே பார்க்கவில்லை.

தையற்காரி பாடினாள். எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாவின் பேனா பாதி வார்த்தையில் நின்றது. கதவோரம் நின்றிருந்த போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ‘நகலே இப்படி என்றால் அசல் எப்படி இருக்கும்!’ என்று வக்கீலுக்கே உடம்பு சிலிர்த்தது.

“இப்போ நீங்க பாடுங்கம்மா” என்றார் நீதிபதி.

முதலாளி துள்ளி எழுந்தார். “தொண்டை சரியில்லீங்க ஐயா! வேற ஒரு தேதி குடுத்தா...”

மைனா கம்பளித் துணியை உருவி அவர் மேல் வீசினாள். விறுவிறுவென்று கூண்டருகே போய், தையற்காரியின் கையைப் பற்றிக்கொண்டாள்.

“வேணாம்” என்றாள் தையற்காரி, கண் கலங்க. “பேசாமப் போய் உக்காரு. உன் பொழப்பு போயிடும்.”

“போனாப் போகட்டும்.”

மைனா நீதிபதியைப் பார்த்து நிமிர்ந்து நின்றாள். அவள் பேச்சில் தொண்டைக்கட்டு துளியும் இல்லை.

“எனக்குப் பாடவே வராதுங்க ஐயா. பத்து வருஷமாப் பாடினது எங்க அக்கா.”