செல்ஃப் எடுக்காத டாக்ஸி

"ஏம்மா செர்வா, டாக்ஸி ஓட்டறது உன் புருஷனா, இல்ல இந்த வீட்டு ஆம்பளைங்களா?"

குழாயடியில் பக்கத்து அறைக்காரி அமாங்குவா இப்படிக் கேட்டபோது செர்வா குனிந்து குடத்தை நகர்த்தி வைத்தாள். கேள்வியில் நியாயம் இருந்தது.

அவள் புருஷன் அம்போன்சாவின் டாக்ஸி ஏதோ ஒரு குளிர் தேசத்தில் ஓடி ஓய்ந்து, கப்பலேறி வந்து, குமாசி நகரத்தில் மறுபிறவி எடுத்தது. கொஞ்ச காலமாகத் தினமும் காலையில் செல்ஃப் எடுப்பதில்லை. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்றுகூடச் சொல்லாது. அம்போன்சா கொஞ்சமும் கூசாமல் அந்தப் பல குடித்தன வீட்டின் முற்றத்தைத் தாண்டிப் போய் இரண்டு கதவுகளைத் தட்டுவான். ஒன்று போவாடியின் கதவு. இன்னொன்று அவருடைய தம்பி நியார்கோவின் கதவு.

இருவரும் வந்து தள்ளுவார்கள், ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு. அவர்களுடைய அப்பாவின் சாவுச் சுவரொட்டியில் தம்பி பெயர் மேலேயும் அண்ணன் பெயர் கீழேயும் அச்சாகிவிட்டது. ஊரெல்லாம் ஒட்டியும் ஆகிவிட்டது. அன்றைக்கு நின்றுபோன பேச்சு, வருஷம் திரும்பியும் தொடங்கவில்லை. ஈஸ்டர் முடிந்ததும் அண்ணன் அறையைக் காலி செய்துகொண்டு தூரத்து ஊரான தக்கொராடிக்கே போகிறார்.

'அவங்க சண்டை அவங்களுக்கு. நம்ம மானம் போகுதே' என்பதுதான் செர்வாவின் கவலை. பாஸ்டரை அழைத்து வந்து பானெட்டில் எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லிக்கூடப் பார்த்துவிட்டாள். பானெட் பளபளத்ததுதான் மிச்சம்.

அந்தச் சனிக்கிழமை அம்போன்சா கறுப்பு உடுத்திக்கொண்டு, டாக்ஸியை எடுக்காமல், யாரோ ஒருவரின் சாவுக்குப் போயிருந்தான். இதுதான் சமயம் என்று மெக்கானிக் அத்தகோராவைக் கையோடு கூட்டி வந்தாள் செர்வா.

"லைட்டைப் போடுக்கா."

பளிச்சென்று எரிந்தது.

"ஹார்ன் அடி."

முற்றத்துக் கோழிகள் பறந்தன.

"பேட்டரி கல்லு மாதிரி இருக்கு. தள்ளினா உடனே கிளம்புதா?"

"உடனே கிளம்பும், மாஸ்டர்."

"அப்ப இஞ்சினும் நல்லாத்தான் இருக்கு. செல்ஃப் பக்கம்தான் என்னமோ."

இஞ்சினுக்குள் கையை விட்டுத் துழாவினார். வெளியே எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தார்.

"இதப் பாரு. செல்ஃபுக்குப் போற சின்ன ஒயர், கழண்டு கெடக்கு. சுத்தி எல்லாம் ஆயில் அழுக்கு அப்பியிருக்கு. இது நுனி மட்டும் கரண்டி மாதிரி மின்னுது. தானா கழண்டதில்லக்கா. தெனம் யாரோ உருவுறாங்க, திரும்ப மாட்டுறாங்க."

மாட்டினார். சாவியைத் திருப்பினார். ஒரே உறுமலில் கிளம்பியது வண்டி.

வாசலில் பல் குச்சியை மென்றுகொண்டிருந்த போவாடி எழுந்து வந்தார். குனிந்து அந்த ஒயரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் அம்போன்சா வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டாள் செர்வா.

"உனக்கு வெக்கமா இல்ல? நல்ல வண்டிய வெச்சிக்கிட்டு ஊரான் முதுகை ஒடிக்கிறியே?"

அவன் கறுப்புத் துணியைக்கூடக் களையாமல் கட்டிலில் உட்கார்ந்தான்.

"கண்டுபிடிச்சிட்டியா? ராத்திரி நான்தான் உருவி விடுவேன். காலையில தெருமுனை தாண்டினதும் மாட்டிக்குவேன்."

"எதுக்குய்யா இந்தக் கூத்து?"

"அண்ணனும் தம்பியும் வேற எங்கயாவது சேர்ந்து நிக்கிறாங்களா, சொல்லு. சமையல் தனி. சர்ச்சு தனி. என் வண்டிக்குப் பின்னாடி மட்டும்தான் தோளோட தோள் இடிக்குது. தள்ளற தள்ளுல ஒரு நாள், 'பாத்துடா, பள்ளம்'னாவது வாய் தவறி வந்துடாதான்னு பார்த்தேன். அண்ணன் ஊரை விட்டுக் கிளம்ப இன்னும் ஒரு வாரம் இருந்துச்சு."

செர்வா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மானம் மானம் என்று நினைத்து என்ன காரியம் செய்துவிட்டாள்!

"மறுபடியும் உருவிடேன்."

"மெக்கானிக் சரி பண்ணினத வீடே பாத்திருக்கு. இனிமே கெட்டுப்போச்சுன்னா பச்சப்புள்ளகூட நம்பாது. விடு, அவ்வளவுதான்."

திங்கட்கிழமை காலை. அம்போன்சா மனசே இல்லாமல் சாவியைத் திருப்பினான்.

'டிக்' என்றுகூடச் சொல்லவில்லை.

இறங்கி மனைவியைப் பார்த்தான். "நீயா?"

"சத்தியமா நான் தொடவே இல்ல."

இருவரும் திரும்பினார்கள். கூப்பிடாமலே வந்து காருக்குப் பின்னால் நின்றிருந்தார் போவாடி. விரலில் இருந்த கறுப்பு ஆயிலை அவசரமாகத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தவர், இவர்கள் முகத்தைப் பார்க்காமல் தம்பியின் கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"டேய் நியார்கோ, வண்டி கிளம்பலடா. என் ஒருத்தனால ஆகாது, வா."