வெள்ளிக்கிழமைக் குளியல்

தடாரென்று கார்க் கண்ணாடி கதவுக்குள் விழுகிறது. அயோத்தியாப்பட்டணத்துப் பட்டறையில் மெக்கானிக் சவரியார் கதவின் உள்தகட்டைக் கழற்றுகிறார். கண்ணாடிச் சட்டத்தைத் தாங்கும் இரும்புப் பட்டைகள் துருத்தூளாக அவர் விரலில் உதிர்கின்றன. "என்னங்க மோகனூராரே, காரைக் கிணத்துல எறக்குனீங்களா?" காரின் சொந்தக்காரர் சென்னியப்பன் துண்டால் மட்கார்டைத் துடைத்தபடி நெளிகிறார். "வெள்ளிக்கு வெள்ளி மாடுகளோட சேர்த்துக் குளிப்பாட்டுவனுங்க. பத்துக் கொடம்." நாளைக்கு மகளின் மாமியார் வீட்டில் கட்டுச்சோற்று விருந்து முடிந்ததும் கர்ப்பிணியான அவளைப் பிரசவத்துக்கு இந்தக் காரில்தான் அழைத்துவர வேண்டும், ஐப்பசிச் சாரல் அவள்மேல் படக்கூடாது. வெல்டிங்கின் நீலச் சுடரில் புதுப் பட்டை சட்டத்தோடு ஒட்டிக்கொள்கிறது. சவரியார் கைப்பிடியைச் சுற்ற, கண்ணாடி சத்தமில்லாமல் ஏறி நிற்கிறது. "இனிமே ஈரத்துணியோட நிறுத்திக்கோங்க. தண்ணி ஊத்துனா மறுபடியும் விழும்." சென்னியப்பன் பானெட்டைக் காளையின் கழுத்தைப் போல நீவுகிறார். "சரிங்க. அப்ப மாடுகளை இதோட கண்ணுல படாமக் குளிப்பாட்டோணும்."