துருப்பொடி

செடிக்காரி கோதுமை இலையைத் திருப்பிப் பார்த்தாள்.

அடியில் வரிவரியாகக் கொப்புளங்கள். ஒன்று அவள் கண்ணெதிரே வெடித்துத் துரு நிறத்தில் பொடியைக் கக்கியது. கையுறையில் அப்பிய பொடி துடைக்கத் துடைக்கப் பரவியது.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயரே செடிக்காரிதான். துரு நோய் அண்டாத கோதுமையை உருவாக்குவது அவள் வேலை. அடுத்த கட்டடத்தில் அந்த நோயைத் தரும் பூஞ்சையை வளர்ப்பது அவள் கணவன் வேலை. எலியும் பூனையும் குடித்தனம் நடத்துகின்றன என்று கேலி செய்யாத ஆளில்லை.

சாதாரணத் துருப் பூஞ்சை அவள் செடியிடம் வாலாட்ட முடியாது. இலைக்குள் நுழைந்ததும் அது விடுகிற ஒரு புரதத்தைச் செடி மோப்பம் பிடித்துவிடும். சுற்றியுள்ள செல்களைத் தானே சாகடித்து, வந்தவனைப் பட்டினி போட்டுவிடும்.

இந்தப் பூஞ்சையிடம் அந்தப் புரதத்துக்கான மரபணுவே இல்லை. காலையில்தான் சோதனை முடிவு வந்தது.

செடிக்கு ஆள் தெரியவில்லை. வீட்டு மனுஷன் என்று நினைத்து உள்ளே விட்டு, சர்க்கரையும் ஊட்டிக்கொண்டிருக்கிறது. பூஞ்சையோ கொல்லவும் கொல்லாது, உயிரோடு வைத்து உறிஞ்சும். என்ன பிழைப்போ, கருமம்.

அந்த மரபணு இல்லாத பூஞ்சை இருப்பது ஒரே இடத்தில்தான். அவள் கணவனின் அறை. அவனே உருவாக்கியது.

"உங்க வீட்டுக்காரர்கிட்டேர்ந்து உங்க மேல ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்மா. எல்லாத்தையும் எரிச்சிடுங்க. நாளையிலேர்ந்து இந்தச் செடிக்கூடத்தை வேற ஆள் பார்க்கட்டும்," என்று வாசலிலிருந்தே சொல்லிவிட்டுத் துறைத் தலைவர் போய்விட்டார்.

அத்தனை வருஷத்துப் பாடும் போயிற்று, பழியும் வந்து சேர்ந்தது.

ஆனால் அது எப்படி முடியும்? அவள் அந்தக் கட்டடத்துப் படியைக்கூட மிதித்ததில்லை. கணவனும் பூஞ்சை அறையை விட்டு வெளியேறும்போது வாசல் குளியலறையில் தலையோடு குளிக்காமல் வந்ததில்லை. நகக்கண்கூடத் தேய்த்துக் கழுவுவான். அந்தச் சுத்தத்தைப் பற்றி ஊரெல்லாம் பெருமையடித்தவள் அவள்.

"விடுடி. விதை பத்திரமா இருக்குல்ல? மறுபடி வளர்த்துக்கலாம்," என்றாள் தோழி.

இந்தக் கூடத்தைப் பகிர்ந்து பார்ப்பவள் தோழி. இரண்டு பேருக்கும் ஒரே சாப்பாட்டு மேசை, ஒளிவுமறைவில்லாத பேச்சு. இப்போது எரிக்க வேண்டிய செடிகளைப் பைகளில் திணிக்க, சொல்லாமலே வந்து நிற்கிறாள்.

தோழி தன் வரிசையை நோக்கிக் குனிந்தாள். தளர்ந்த பின்னல் தோளிலிருந்து சரிந்து முன்னால் விழுந்தது. அவள் நகர நகர, பின்னலின் நுனி ஒவ்வொரு செடியின் மேலிலையையும் வருடிக்கொண்டே போனது.

செடிக்காரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நோய் கண்டது தோழி தண்ணீர் விடும் வரிசைகளில் மட்டும். அதிலும் மேலிலைகளில் மட்டும். மின்விசிறிக் காற்றின் வேலை என்று இதுவரை நினைத்திருந்தாள்.

இந்தக் கூடத்துக்குள் வருகிறவர்கள் அங்கி மாற்றுவார்கள், செருப்பு மாற்றுவார்கள், கையுறை மாற்றுவார்கள். முடியை யாரும் மாற்றுவதில்லை. அதற்காகவே அவள் தன் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டவள்.

பூஞ்சை அறையின் தட்டுகள் கண்முன் வந்தன. துருப்பொடி படிந்த விரல்கள் வந்தன. அந்த விரல்கள் அவிழ்த்த பின்னலும் வந்தது.

அதற்குப் பிறகு வாசல் குளியலறையில் ஒருவன் மட்டும் நன்றாகத் தேய்த்துக் குளித்திருக்கிறான்.

"ஈரத்தலையோட வந்தா நான் ஏன்னு கேப்பேன்னுதானே, நீ மட்டும் குளிக்காம வந்தே?"

தோழி நிமிரவில்லை. அவள் கை மட்டும் பின்னலைப் பிடித்து மெதுவாக முதுகுப்பக்கம் தள்ளியது.