எலிகளுக்கு ஒதுக்கிய மேடு

வெள்ளத்தில் வாய்க்கால் கரை கரைந்துபோனது. செவந்தி என்ற வயல் எலியும் அவள் சொந்தக்காரர்களும் வளைகளை இழந்து நின்றார்கள். பக்கத்து மேட்டைக் கையகப்படுத்தி, வீடில்லாத எலிகளுக்கு வீடு கட்டித் தர யானை ராஜா ஒப்புதல் கொடுத்தார். உத்தரவை எடுத்துக்கொண்டு ஆமை அதிகாரி புறப்பட்டார்.

அவர் வந்து சேர்ந்தபோது இரண்டு மழைக்காலம் போயிருந்தது. மேடு முழுக்க வளைகள். ஒன்றில் செவந்தி, இன்னும் கண் திறக்காத ஐந்து குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இது வீடில்லாத எலிகளுக்கு ஒதுக்கின நிலம். உடனே காலி பண்ணுங்கம்மா," என்றார் ஆமை.

செவந்தி தலையை நிமிர்த்தினாள். "ஐயா, அந்த எலிகளே நாங்கதான்! பொறுத்துப் பார்த்துட்டு நாங்களே தோண்டிக்கிட்டோம்."

ஆமை உத்தரவை இன்னொரு முறை படித்தார். "வீடில்லாத எலின்னு போட்டிருக்கு. உங்களுக்குத்தான் வீடு இருக்கே?"

"காலி பண்ணிட்டா வீடில்லாதவங்க ஆயிடுவோம். அப்போ இந்த இடம் எங்களுக்குத்தானே?"

"நிச்சயமா."

"அப்படின்னா இப்பவே இருந்துட்டுப் போறோமே, ஐயா?"

ஆமை உத்தரவைச் சுருட்டி ஓட்டுக்குள் செருகிக்கொண்டார்.

"இதுக்கு உத்தரவில் வழி இல்லை. மேலிடத்தில் விளக்கம் கேட்டுட்டு வர்றேன். அதுவரைக்கும் யாரும் ஒரு பிடி மண்ணைக்கூடத் தொடக்கூடாது," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அவர் மேட்டுச் சரிவைத் தாண்டுவதற்குள், குட்டிகள் வளர்ந்தால் உதவும் என்று செவந்தி இன்னொரு அறையைத் தோண்டி முடித்திருந்தாள்.