வேலியின் இரு பக்கம்

மழை விட்டும் மூங்கில் தோப்பு சொட்டிக்கொண்டிருக்கிறது. யாஸுங் ஒரு தடித்த மூங்கிலில் முதுகை அழுத்தி நிற்கிறாள். நகர்ந்தால், கணுவைச் சுற்றி இரும்புத் துருபோலப் படர்ந்திருக்கும் செம்மஞ்சள் பூஞ்சை வெளியே தெரிந்துவிடும். தெரிந்தால், நோய் பரவாதிருக்க ஊரார் தோப்பையே வெட்டி எரிக்கச் சொல்வார்கள். மகனுக்கு வீடு கட்ட வேறு மூங்கில் கிடையாது. வேலிக்கு அப்பால் பக்கத்துத் தோப்புக்காரி ரின்யோவும் தன் மூங்கில் ஒன்றில் சாய்ந்துதான் நிற்கிறாள். "என்னடி, மூங்கிலுக்கு முட்டுக் குடுக்குறியா?" என்கிறாள் ரின்யோ. "இடுப்பு வலி அக்கா. உங்களுக்கு என்னவாம், பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு?" "எனக்குக் கால் வலி. இருட்டுது, நீ போயேன்." "மூத்தவங்க நீங்க, முன்னாடி போங்க." "இந்த மரியாதை திருவிழாக் கறியைப் பங்கு போடுறப்போ எங்க போச்சு?" இருவரும் சிரிக்கிறார்கள், யாரும் நகரவில்லை. இலையிலிருந்து விழுந்த துளியை ரின்யோ நெற்றியிலிருந்து கையால் வழித்தெறிகிறாள். நெற்றியில் செம்மஞ்சளாக ஒரு கோடு நிற்கிறது. யாஸுங் வாய் திறக்கிறாள். முதலில் சொல்கிறவளின் தோப்புதான் முதலில் எரியும். தன் உள்ளங்கையை இடுப்புத் துணியில் அழுத்தித் துடைக்கிறாள். "பனி இறங்குதுக்கா." "ஆமாடி, இறங்குது." மூங்கில்கள் அவர்கள் முதுகில் மெல்ல அசைகின்றன.