லாம் தராத சம்மதம்

அன்று லாமின் ஒன்பதாவது நினைவுநாள். பார்வை போன அவன் தாய், படையலுக்கு முன்னால் இரண்டு பழங்காசுகளைத் தட்டில் போட்டாள். ஒரு காசில் எழுத்தும் மற்றதில் வெறும் பின்புறமும் விழுந்தால், இறந்தவன் சம்மதித்துவிட்டான் என்று அர்த்தம்.

"லாம், தோவாவுக்கு முப்பத்தஞ்சு ஆச்சுடா. உன் பொண்டாட்டி இன்னொருத்தனைக் கட்டிக்கட்டும். சரின்னு சொல்லு."

விரலால் தடவினாள். இரண்டிலும் எழுத்து. மூன்று முறை போட்டும் அதேதான்.

"ஒம்பது வருஷமா இதே பதில். செத்தும் பிடிவாதம் போகல."

"விடுங்கம்மா," என்றாள் மருமகள் தோவா. "சோறு ஆறுது, சாப்பிடுங்க."

அந்த மழைக்காலத்தில் மாமியார் இறந்தாள். நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்ததும், தோவா காசுகளை ஹுவே நகரச் சந்தையில் பழங்காசுக்காரரிடம் விற்கக் கொண்டுபோய், செத்துப்போன கணவனிடம் சம்மதம் கேட்கப் போட்ட காசுகள் என்றாள்.

அவர் திருப்பிப் பார்த்தார். "பின்னாடி, வார்த்த ஊர் ஹனோய்னு எழுத்து இருக்கே. இதை வச்சா சம்மதம் கேட்டீங்க? ரெண்டு பக்கமும் எழுத்திருந்தா எப்படிக்கா கிடைக்கும்?"

தோவா களைத்துப்போய் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"கண்ணு தெரியாதவங்களைத் தனியா விட்டுட்டு எங்க போறது? கிடைக்காதுன்னு தெரிஞ்சுதான் உங்ககிட்ட இதைத் தேடி வாங்கினேன்."