பெட்டிக்குள் கல்யாணம்

"தலையில பூ வெச்சீன்னா ஊட்டுப் படி ஏறாதே!"

"நாடகத்துக்குத்தானுங்க அத்தை, முடிஞ்சதும்..."

"என்ற பையன் பாலுசாமி செத்து வருசம் திரும்பலை, உனக்குக் கல்யாண நாடகமா?" என்று கத்திவிட்டு, கருப்பாத்தாள் சனத்தோடு அடுத்த கொட்டகைக்குள் போனாள்.

ராசாத்தாள் பூவை வைத்துக்கொண்டாள். வசனம் பேச அவளை விட்டால் ஆளில்லை.

கோயமுத்தூர்ப் பொருட்காட்சியில் அந்த வருஷம் தம்பிதுரை செய்த டெலிவிஷனைப் பற்றித்தான் பேச்சு. இந்தக் கொட்டகையில் நடிப்பது, கம்பி வழியாகப் போய் அடுத்த கொட்டகைப் பெட்டியில் படமாகத் தெரியும். சிவப்பு எடுபடாதென்று அவள் உதட்டுக்கு நீலம் பூசினார் அவர். ஒரு முகத்துக்குத்தான் அதில் இடம். அதனால் மணப்பெண்ணாக அவள் மட்டும் உட்கார்ந்தாள். மாப்பிள்ளைக்குத் தம்பிதுரையே மறைவில் நின்று குரல் கொடுத்தார்.

முடிந்ததும் அடுத்த கொட்டகையில் கைதட்டல் அடங்கவே இல்லை.

"சோடிப் பொருத்தம் பிரமாதமுங்க!" என்றார் முதலில் வெளியே வந்தவர்.

"சோடியா? இந்த அம்மணி முகம் மட்டுந்தானுங்களே?" என்றார் தம்பிதுரை.

"என்னுங்க, நாங்க பார்த்தமல்லோ!" என்று சிரித்தார்கள்.

கடைசியாகக் கருப்பாத்தாள் வந்தாள். பூவைப் பற்றிப் பேசவில்லை. மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்ற பக்கத்துல உக்கார்ந்திருந்தானே பாலுசாமி, எப்படி எளைச்சுப்போயிட்டான்! சோறு எங்க உங்கறான்னு கேட்டியா கண்ணு?"